பட்டத்தரசி குற்றவாளி இல்லை

ஜனவரி 11

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இங்கே ஏதோ இருக்கிறோம். நீங்கள் இருவரும் இருக்கிறீர்களா என்பதை வியாழக்கிழமை வரும் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மாப்பிள்ளை எழுதும் தொடர்கதை வந்திருந்தால் அவர் சுகம். அவர் சுகம் என்றால் நீயும் சுகம். இரண்டு மாதமாக ஒரு வரி எழுதாத தங்கையைப் பற்றி வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

அத்தானுக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். படுத்தபடியே என் தையல் கடையை மேய்க்கிறார். எந்த மெஷின் நின்றாலும் உள்ளேயிருந்து குரல் வரும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் ஐந்து மெஷினும் நிற்கும். அப்போது அவரும் வாய் திறக்க மாட்டார். பித்தான் துளை தைக்கும் காஜாக்காரிக்குத்தான் குரல் கணீரென்று இருக்கும் என்பதால் அவள் ‘கோட்டைக்குத் திரும்பியவன்’ வாசிப்பாள், நாங்கள் கேட்போம்.

ஒரு குதிரை வீரன் பாழடைந்த கோட்டையைப் பார்க்கிறான், பார்த்ததும் போன பிறவி ஞாபகம் வருகிறது, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தானே அந்தக் கோட்டையின் அரசன் என்று தெரிகிறது. அதுவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பட்டத்தரசியே அவனுக்குப் பாலில் நஞ்சு கலந்து கொடுத்தாள் என்று முப்பதாம் அத்தியாயத்தில் வந்ததே, அன்றிலிருந்து கடையில் ஒருத்திக்கும் தையல் நேராக ஓடவில்லை. அவளும் மறுபடி பிறந்திருப்பாள், அவளைச் சும்மா விடக் கூடாது என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டோம். பதினொரு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. மாப்பிள்ளையிடம் சொல்லாதே, சிரிப்பார்.

இன்னொன்று. அவர் எழுத்து மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு வாளை வர்ணிக்க ஒன்றரைப் பக்கம் வேண்டும். இப்போது போரே அரைப் பக்கத்தில் முடிகிறது. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பணிப்பெண் சொல்வது முக்கால் பக்கம். கடையில் எல்லோரும் மெச்சினார்கள். ஈரத் துண்டைக் கொடியில் போடத் தெரியாத மனுஷனுக்கு இது எப்படித் தெரிந்தது?

பதில் போடு. சோம்பேறி.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் இடுப்பு எப்படி இருக்கிறது? படுத்த இடத்திலேயே கால் விரல்களை அசைக்கச் சொல். இங்கே இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அவருக்குக் கை கொஞ்சம் வலி. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். துணி அலசுகிற விஷயம் அப்படி நடுவில் நுழைந்திருக்கும்.

நீங்கள் ஏன் அந்தக் கடிதத்தைப் போட்டீர்கள்? கதையை அதன் பாட்டுக்கு விடக் கூடாதா? பட்டத்தரசி செத்து முந்நூறு வருஷம் ஆகிறது. இன்னும் என்ன செய்ய வேண்டுமாம் அவளை?

கோபமாக எழுதிவிட்டேனோ? இல்லை அக்கா. வேலை அதிகம்.

உன் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு ஆள் பாலோடு மட்டுமே விழுங்கிப் பழகியிருந்து, திடீரென்று பால் வேண்டாம் என்று சொன்னால், மாத்திரையைப் பொடித்து வேறு எதில் கலக்கலாம்? தெரியாமல் கலந்தால் கசப்பு நாக்கில் தெரியுமா? எனக்கில்லை. தெரிந்தவர் ஒருவருக்கு.

உன் தங்கை

ஜனவரி 31

சின்னவளுக்கு,

எங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை, அதை ஓரமாக வை. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

இருபத்தொரு வருஷமாக நீ போடும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் மாப்பிள்ளை ஒரு வரி கிறுக்குவார். ‘அண்ணிக்கு வணக்கம், சட்டைக்குப் பித்தான் அனுப்பவும்’ என்று ஏதாவது ஒரு கிண்டல். உனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு நான் அண்ணிதான், முறை தப்பு என்று சொன்னாலும் கேட்க மாட்டார். கை வலிக்கிறவர் அதையும் உன்னிடம் சொல்லி எழுதச் சொல்லியிருப்பார். இந்தக் கடிதத்தில் அது இல்லை.

நர்ஸம்மா, ஆள் யார் என்று தெரியாமல் மாத்திரையைப் பொடிக்கச் சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்தத் தெரிந்தவர் யார்? நேராகச் சொல். நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். என்னிடம் கதை விடாதே.

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

அத்தான் நலம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நலம் இல்லை.

நவம்பர் மழையில் அவர் குளியலறையில் விழுந்தார். வழுக்கி விழுந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்து, அதனால் விழுந்திருக்கிறார். கை கால் எல்லாம் திரும்பிவிட்டது. ஞாபகம்தான் திரும்பவில்லை. தெரு தெரியவில்லை, ஊரில் இருக்கும் தம்பி தெரியவில்லை, நான் தெரியவில்லை. கோட்டை தெரிகிறது. கோட்டைக்கு எத்தனை வாசல், எந்த வாசலில் யானை கட்டுவார்கள் என்று கேட்டால் ஒரு வினாடியில் சொல்கிறார். கதையில் வருகிறவனுக்குப் போன பிறவி ஞாபகம் வந்தது. இவருக்கு அது மட்டும் தங்கி, இந்தப் பிறவி போய்விட்டது.

இருபத்தேழாம் அத்தியாயத்திலிருந்து நான்தான் எழுதுகிறேன். ஆசிரியருக்குத் தெரியாது. தெரிந்தால் தொடரை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் விரலை வரியில் வைத்துப் படித்து, "ஆமா, இப்படித்தான் நடந்துச்சு" என்று தலையாட்டுவார். அந்த ஒரு நாளில்தான் அவர் முகத்தில் தெளிவு இருக்கும். அதை எப்படி நான் நிறுத்துவது?

அவருடைய நோட்டில் முப்பதாம் அத்தியாயத்துக்கு நான்கே வார்த்தை இருந்தது. அரசி, பால், நஞ்சு, மரணம். மீதியை நான் எழுதினேன். எனக்கு அரண்மனைச் சமையலறையைத் தெரியுமா அக்கா? தெரிந்த சமையலறையை எழுதினேன். விளிம்பு நசுங்கிய எங்கள் கிண்ணம். தோளில் ஈரத் துண்டு. சூடு பார்க்கச் சுண்டுவிரலைப் பாலில் வைக்கும் என் பழக்கம். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே கொஞ்சம் கர்வம்.

அவர் அதைப் படித்தார். அன்று சாயங்காலம் நான் தோளில் துண்டோடு பாலைக் கொண்டுபோய், சுண்டுவிரலை உள்ளே வைத்து எடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படிச் சொல்வது! எழுந்து நின்று, "தேவி, நீயா?" என்றார். இருபத்தொரு வருஷமாக "இங்க பாரு" என்று கூப்பிட்ட மனுஷன். தேவி என்றதும் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, என்ன பைத்தியக்காரி நான்.

முதலில் பாலை மட்டும் மறுத்தார். பிறகு நான் சமைத்த எதையும். எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றினேன். "கிண்ணத்தை மாத்தினா கை மாறிடுமா?" என்றார். ஒரு நர்ஸை அமர்த்தினேன். அரசியின் ஆள் என்று அவளை விரட்டிவிட்டார். இப்போது தோலோடு இருக்கும் பழத்தைத் தானே உரித்துச் சாப்பிடுகிறார். மாத்திரை உள்ளே போய் மூன்று வாரம் ஆகிறது.

அரசி குற்றவாளி இல்லை என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, "அச்சுல வரட்டும்" என்கிறார். புது எழுத்தாளர்களிடம் அவர் எப்போதும் சொல்வது, அச்சேறாதது எழுத்தே இல்லை என்று. அது மட்டும் மறக்கவில்லை.

அதனால் அச்சிலேயே சொல்லப் போகிறேன். அரசியை விடுவித்து ஒரு அத்தியாயம் எழுதி அனுப்பிவிட்டேன். நான்கு வாரத்தில் வரும். அதுவரை பழம் போதுமா அக்கா?

தங்கை

பிப்ரவரி 14

என் சின்னவளே,

அத்தான் நலம், நான் நலம், இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. மூன்று மாதமா? தனியாகவா? இவரைக் கட்டிலில் விட்டுவிட்டு வர முடியவில்லை. திரும்பிப் படுக்கவே என் தோள் வேண்டும். "என்னை ஆஸ்பத்திரியில போட்டுட்டு நீ போ" என்று உன் அத்தான் நேற்று சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது.

அந்தக் கடிதத்தை நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அரசியைச் சும்மா விடக் கூடாது என்று நான் கேட்டது உன்னையா? அது ஆசிரியர் மேஜையில் எங்காவது தொலைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பழம் போதுமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். எத்தனை நாளாக என்றுதான் திருப்பிக் கேட்டாள். டாக்டரிடம் இன்றைக்கே போ.

அக்கா

பிப்ரவரி 25

அக்கா,

நீயும் அத்தானும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சாப்பாட்டைப் பற்றி நான் இப்போது யாரைப் பார்த்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் தொலையவில்லை. இந்த வாரப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள், பார்த்திருப்பாய். ‘பதினொரு தையல்காரிகளின் தீர்ப்பு’ என்று தலைப்பு. அவரும் பார்த்தார். கத்தரித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

என் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. ‘வாசகர்கள் அரசியின் தலையைக் கேட்கிறார்கள். இந்த நேரத்தில் அவளை நல்லவளாக்கினால் தொடர் படுத்துவிடும். ஐயா மறுபரிசீலனை செய்ய வேண்டும்’ என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். நேரில் போனேன். மாடிப்படி முழுக்கக் காகிதக் கட்டு, ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அவருக்கு என்மேல் மரியாதைதான். "அம்மா, நீங்க பிரதி எடுத்து எழுதுறவங்க, உங்ககிட்ட நான் வாதாட முடியுமா? ஐயாவை ஒரு நடை வரச் சொல்லுங்க" என்றார். வரச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வேறு என்ன சொல்வது?

இவர் பத்து கிலோ குறைந்திருக்கிறார். நேற்றிலிருந்து பழத்திலும் பாதியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார். இருபது நாளில் மாறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையைக் கட்டி, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்கிறார் டாக்டர். கையைக் கட்டினால் அரசி சிறையில் போட்டுவிட்டாள் என்றுதானே நினைப்பார்? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. தண்ணீர் கொடுக்கப் போகும்போது என் கை நடுங்குகிறது. நடுங்குவதைப் பார்த்து இன்னும் சந்தேகப்படுகிறார்.

தங்கை

மார்ச் 3

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. முதலில் விஷயம்.

நேற்று கடையைத் திறந்ததும், பட்டத்தரசி நிரபராதி என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன். மாப்பிள்ளை விஷயம் எதையும் சொல்லவில்லை. கடை இரண்டாகிவிட்டது. "என்னக்கா, போன மாசம் தூக்குல போடணும்னீங்க, இப்ப மாலை போடணும்ங்கிறீங்க!" என்று ஓவர்லாக் அடிப்பவள் கேட்டாள். காஜாக்காரிதான் காப்பாற்றினாள். பழைய இதழை எடுத்துப் புரட்டி, "இதப் பாருங்க. அரசன் செத்து மூணு நாள் கழிச்சும் அந்தக் கிண்ணம் அவ ரூம்லயே கழுவாம கிடக்குன்னு எழுதியிருக்கு. விஷம் வெச்சவ கிண்ணத்தைக் கழுவாம வெப்பாளா? முதல் வேலையா அதைத்தானே தேய்ப்பா?" என்றாள். எல்லோரும் இதழைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குத் தெரியாதா?

எதற்காக அப்படி எழுதினாய் என்று தெரியாது. மறதியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொள்.

சாயங்காலத்துக்குள் அறுபத்து நான்கு கடிதம் எழுதினோம். பக்கத்து டைப்ரைட்டிங் பள்ளிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டோம். எல்லாம் தபாலில் போயாகிவிட்டது. நீ ஒன்று செய். ஆசிரியரிடம் உண்மையைச் சொல். மறைத்துக் காப்பாற்ற இனி என்ன மிச்சம் இருக்கிறது?

அக்கா

மார்ச் 13

அக்கா,

அத்தானை உட்கார வைத்துவிட்டார்கள் என்று நர்ஸம்மா ஒரு கார்டு போட்டிருந்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு கிடைத்த நல்ல சேதி.

ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். மேஜைமேல் உங்கள் கடிதங்கள் மலையாகக் குவிந்திருந்தன. எல்லாவற்றிலும் அந்தக் கழுவாத கிண்ணம். அது மறதிதான் அக்கா. அன்றைக்கு என் வீட்டிலேயே பாத்திரம் மூன்று நாளாகக் கழுவாமல் கிடந்தது, அதை அப்படியே எழுதியிருந்தேன்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த அத்தியாயத்துலேர்ந்தும்மா நீங்க?" என்று கேட்டார். இருபத்தேழு என்றேன். "இருபத்தேழுலேர்ந்துதான் பத்திரிகை கூடுதலா போகுது" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அச்சுக்குப் போக இருந்த பக்கங்களை நிறுத்தச் சொன்னார். அவர் அறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து புதிதாக எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பதாம் தேதி வருகிறது.

உனக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்கிறேன். நஞ்சைக் கலந்தவன் அரண்மனை வைத்தியன், எதிரியிடம் விலைபோனவன். அரசிக்குச் சந்தேகம் வருகிறது, சாட்சி இல்லை. சொன்னால் நம்ப யாருமில்லை, பாலைக் கொட்டினால் வைத்தியன் அவளுக்குத் தெரியாமல் வேறு எதிலாவது கலந்துவிடுவான். அதனால் தினமும் பாதிப் பாலை முதலில் அவளே குடித்துவிட்டு மீதியை அரசனிடம் கொடுக்கிறாள், அவனுக்குப் போகும் நஞ்சு பாதியாகட்டும் என்று. அவன் இறந்த அன்றே அவளும் இறந்துவிடுகிறாள். கிண்ணத்தைக் கழுவ ஆளில்லை.

டாக்டர் சொன்ன கெடு பதினேழாம் தேதி. கெஞ்சிக் கூத்தாடி இன்னும் நான்கு நாள் வாங்கியிருக்கிறேன். இவர் இப்போது எழுந்து நடப்பதில்லை.

தங்கை

மார்ச் 28

சின்னவளே,

அத்தான் இரண்டு எட்டு நடந்தார். அதைக் கொண்டாடக்கூட மனசு வரவில்லை.

நாற்பத்து மூன்றாம் அத்தியாயம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. காஜாக்காரி பாதியில் நிறுத்தி, பத்திரிகையை உள்ளே கொடுத்தனுப்பினாள். மீதியை உன் அத்தான் உள்ளேயிருந்தபடியே வாசித்தார். நான் அழுததை மற்றவர்கள் கதைக்காக அழுததாக நினைத்தார்கள்.

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. படித்தாரா? நம்பினாரா? சாப்பிட்டாரா? தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போது வாசலுக்குப் போகிறேன், கிட்ட வந்ததும் உள்ளே வந்துவிடுகிறேன். ஒரே ஒரு வரி போதும். எதுவாக இருந்தாலும் எழுது.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை இவ்வளவு தவிக்க விட்டதற்கு என்னை மன்னித்துவிடு. அத்தான் கேட்டால், இவர் சாப்பிடுகிறார் என்று முதலில் சொல்லிவிடு. மூன்று வேளையும் சாப்பிடுகிறார். மாத்திரையும் போகிறது. மூன்று கிலோ ஏறியிருக்கிறார். நேற்று டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "என்னம்மா வைத்தியம் பண்ணீங்க?" என்று சிரித்தார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உனக்கும் இத்தனை நாள் எழுத வரவில்லை.

அந்த வியாழக்கிழமை இரண்டு முறை படித்தார். வழக்கம்போலத் தலையாட்டவில்லை. பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கொடுக்கத் துணியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சி, அதே கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப் போனேன். கதையில் அரசி முதலில் குடிக்கிறாள் இல்லையா? அவர் எதிரில் நானும் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினால் நம்புவார் என்பது என் திட்டம். அதற்காகத்தானே அப்படி எழுதினேன்.

கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனேன். மூன்று வாரமாக எழுந்து நிற்காத மனுஷன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். பாதிப் பால் தரையில் கொட்டியது. "போன தடவை நீ குடிச்சே. இந்தத் தடவை நான்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

பிறகு போய்ப் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சீக்கிரம் வந்துடும், பயப்படாதே" என்று எனக்குத் தைரியம் சொன்னார். சாவைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அது வராமல் தூக்கம்தான் வந்தது. எழுந்ததும் எல்லாம் மறந்துவிட்டது, கதையைத் தவிர. மத்தியானம் சோற்றுத் தட்டோடு போனேன். "நீ தொடாதே" என்று பிடுங்கி, அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டார். ராத்திரியும் அதேதான். அன்றிலிருந்து தினமும் அதேதான்.

நஞ்சு இல்லை, வெறும் பால்தான் என்று சொல்லாமல் இருப்பேனா? எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தன்னைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாக நினைத்துச் சிரிக்கிறார். நான் யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. நான் பிழைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. இருபத்தொரு வருஷம் இந்த மனுஷனோடு வாழ்ந்து, என்மேல் பிரியம் உண்டா என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. இப்போது தெரிந்துகொண்டேன். இப்படித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொண்டேன்.

தினமும் மூன்று வேளை எனக்காகச் சாகிறார் அக்கா. கடைசி வாய் உள்ளே போனதும் ஒவ்வொரு தடவையும் என்னிடம் விடைபெற்றுக்கொள்கிறார். அவர் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த வேளைக்கு உலை வைக்க எழுந்து போகிறேன்.

உன் தங்கை